கல்விப் பிரிவும் அதன் அளவும்

தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் ஏறத்தாழ நடுவில் அமைந்த கந்தர்வக்கோட்டையில், முந்திரிக்கும் நிலக்கடலைக்கும் இன்றைய விலை என்ன என்று விசாரிக்கும் அதே வாயால், எந்த நாட்டுப் படிப்புக்கு எத்தனை லட்சம் ஆகும் என்று மக்கள் விசாரிக்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. முன்பெல்லாம் இச்செம்மண் பூமியிலிருந்து கடல் கடந்தவர்கள் பெரும்பாலும் பிழைப்புக்காகவே கடந்தார்கள். மலேயாவும் சிங்கப்பூரும், பின்னர் வளைகுடா நாடுகளும், அவர்களுடைய உழைப்பைப் பெற்றுக்கொண்டு இங்கே பணத்தை அனுப்பின. இப்பொழுதோ பணம் இங்கிருந்து அங்கே போகிறது. அன்று உழைப்பாளியை வழியனுப்பிய வீடு இன்று மாணாக்கனை வழியனுப்புகிறது. இந்தத் திசைமாற்றத்தை ஊர் இன்னும் நிதானமாக எண்ணிப் பார்க்கவில்லை.

இவ்வட்டாரத்தில் நெடுங்காலம் ஆசிரியத் தொழில் செய்தவனாகிய எனக்கு, சிபாரிசுக் கடிதம் எழுதித் தரும் பொறுப்பு ஓய்வுபெற்ற பின்னும் நீங்கவில்லையாதலால், புறப்படுகிறவர்களின் உற்சாகத்தையும், அங்கிருந்து பேசுகிறவர்களின் குரலில் படிந்த களைப்பையும், எதிர்பார்த்ததற்கு முன்பே திரும்பிவிட்டவர்களின் மௌனத்தையும் அருகிலிருந்து காணும் சந்தர்ப்பம் வாய்த்தது. அந்த அநுபவத்தையும் வரலாறு தரும் சான்றுகளையும் ஒருசேர வைத்து, அயல்நாட்டுக் கல்வி எந்த நிலைமையில் நம் பிள்ளைகளுக்கு ஆக்கமாகிறது, எந்த நிலைமையில் குடும்பத்துக்கே கேடாகிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய வரம்பு

கல்விக்காக வீட்டைப் பிரிவது தமிழருக்குப் புதிய செய்தியன்று. தலைவன் பிரிந்து செல்வதற்குரிய காரணங்களை எண்ணப் புகுந்த தொல்காப்பியர், அகத்திணையியலில் ஓதலை முதலில் வைத்துப் பகையையும் தூதையும் அதனோடு சேர்த்தார். கற்பியலில் அப்பிரிவுகளுக்குக் கால வரையறை செய்யும்போது, வேந்தன் தொழிலுக்காகப் பிரிவது ஓராண்டுக்கு உட்பட்டதென்றும், கல்விக்காகப் பிரிவது மூன்றாண்டைக் கடவாதென்றும் விதித்தார். அரசன் ஏவலுக்குக் கொடுத்ததைப்போல் மும்மடங்கு காலத்தைக் கல்விக்குக் கொடுத்த பெருந்தன்மையையும், அவ்வளவு கொடுத்த பின்னரும் காத்திருக்கும் ஒருத்தியை மறவாமல் அதற்கொரு எல்லை கட்டிய விவேகத்தையும் சேர்த்தே நாம் போற்ற வேண்டும். கற்கப் போகிறவனுக்குச் சுதந்தரம் உண்டு, காத்திருப்பவர்களுக்கு உரிமை உண்டு, இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு உண்டு என்பதே அவ்விதியின் சாரம். அந்த அளவு காலத்துக்கு மட்டும் உரியதன்று. செலவிடும் பொருளுக்கும், நாடிச் செல்லும் நோக்கத்துக்கும், தாங்கிக்கொள்ளும் மனவலிமைக்கும் உரியது. இன்று நம்மிடம் குறைவுபட்டிருப்பது அந்த அளவுணர்ச்சியே என்பது என் அபிப்பிராயம்.

நம் நாடு மாணாக்கர்களை அனுப்பியதோடு நில்லாமல் வரவேற்றும் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் பிறந்தவரென்று சீன யாத்திரிகர் யுவான் சுவாங் குறிக்கும் தர்மபாலர் வடக்கே நாளந்தாவுக்குச் சென்று அதன் தலைமைப் பீடத்தையே அடைந்தார். அவருக்கு முன்னரே, நான்காம் நூற்றாண்டில், கன்னட தேசத்து இளைஞனாகிய மயூரசர்மன் தன் பாட்டனாருடன் காஞ்சியின் கடிகைக்குக் கல்வி கற்க வந்தான். வந்த இடத்தில் பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு மூண்ட சச்சரவில் அவமானப்பட்டு, ஓத வந்தவன் வாளெடுத்து, முடிவில் கதம்ப ராஜ்யத்தையே நிறுவினான் என்று தாளகுந்தாக் கல்வெட்டு தெரிவிக்கிறது. அந்நிய மாணவனை அவமதிப்பது அயல்நாட்டார்க்கு மட்டும் உரிய குற்றம் என்று எண்ணுகிறவர்கள், அக்குற்றம் நம் மண்ணிலும் ஒரு காலத்தில் நிகழ்ந்ததென்பதை அறிந்துகொள்வது நன்று.

முன்னே சென்றவர்கள்

அண்மைக் காலத்துக்கு வந்தால், கும்பகோணத்து இராமாநுஜனின் பிரயாணமே எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். 1914 மார்ச் 17-ஆம் தேதி சென்னையில் கப்பலேறிய அவருக்குச் சென்னைச் சர்வகலாசாலை ஆண்டொன்றுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தது. கேம்பிரிட்ஜில் டிரினிடி கல்லூரி அறையில் அவரைக் காண வந்த, அங்கே பயின்றுகொண்டிருந்த மகலனோபிஸ், இரவில் குளிர் தாங்க முடிகிறதா என்று கேட்க, மேலங்கியை அணிந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு உறங்குவதாக இராமாநுஜன் சொன்னாராம். உள்ளே போய்ப் பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் மெத்தையின் அடியில் மடித்துச் செருகப்பட்டு ஒழுங்காகத்தான் இருந்தன. அவற்றை இழுத்து விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்ற சிறு விவரத்தை அம்மேதைக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உலகமே வியந்த கணிதம் தெரிந்தவருக்குக் கம்பளி தெரியாததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்லித்தர ஒருவர் இல்லாததுதான் துயரம். யுத்த காலத்தில் மரக்கறி உணவுக்குப் பட்ட சிரமமும், தனிமையும், நோயும் சேர்ந்து அவரை வாட்டின. 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகியும், 1919-இல் திரும்பி அடுத்த ஆண்டே சென்னையில் மறைந்தார். ஆயினும், 1919 ஜனவரியில் சர்வகலாசாலைக்கு எழுதிய கடிதத்தில், தமக்கு அளிக்கப்படும் தொகையில் பெற்றோருக்கு 50 பவுனும் தம் அவசியச் செலவும் போக மிஞ்சுவதை ஏழைச் சிறுவர்களின் பள்ளிச் சம்பளத்துக்கும் புத்தகங்களுக்கும் பயன்படுத்த வேண்டுமென்று கேட்டுக்கொண்டாரே, அங்கேதான் கற்றவனுடைய கடன் இன்னதென்று நமக்கு விளங்குகிறது.

நம் புதுக்கோட்டையிலேயே பிறந்து, மகாராஜா கல்லூரியில் ஆண்பிள்ளைகளுக்கு நடுவே முதல் மாணவியாகச் சேர்ந்து, 1912-இல் சென்னை வைத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1925-இல் அரசாங்க உபகாரச் சம்பளத்துடன் லண்டன் சென்றார். அவருடைய பிரயாணத்தில் கால அளவு, நோக்கத்தின் அளவு, திரும்புதல் ஆகிய மூன்றும் தெளிவாக அமைந்திருப்பதைக் காண்கிறோம். போனது பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றிய மேற்பயிற்சிக்கு. திரும்பி வந்ததும் சென்னைச் சட்டசபையில் அமர்ந்து பெண்களுக்காக வாதாடினார். புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்த துக்கத்தை நெஞ்சிலே வைத்திருந்து, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்கச் செய்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரிலிருந்து டோக்கியோவுக்கும் நியூயார்க்குக்கும் சென்று புகைப்படக் கலை பயின்ற ஏ. கே. செட்டியார், அந்தக் கலையைக் கொண்டே காந்தியடிகளைப் பற்றிய முழுநீளப் படத்தை 1940-இல் தந்தார். அதே ஊரினராகிய அழகப்பச் செட்டியார் லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றுவந்து, காரைக்குடியில் கல்லூரிகளை நிறுவியதோடு, மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார்.

எல்லோருக்கும் திரும்பும் வழி மலர்ப்பாதையாக இருந்ததில்லை. பரோடா மன்னரின் உதவியோடு 1913-இல் கொலம்பியா சர்வகலாசாலைக்கும் பின்னர் லண்டனுக்கும் சென்ற அம்பேத்கர், ஒப்பந்தப்படி பணியாற்றுவதற்காக 1917-இல் பரோடா வந்தபோது, தீண்டாமையின் காரணமாகத் தங்குவதற்கு ஓர் அறைகூடக் கிடைக்காமல் வெளியேற நேர்ந்தது. கற்றுத் திரும்பியவனை ஏற்றுக்கொள்ளும் தகுதி ஊருக்கு இருக்க வேண்டும் என்ற பாடத்தை அச்சம்பவத்தைவிடக் கடுமையாகக் கற்பிக்க இயலாது.

இன்றைய பெருக்கு

முன்னே சொன்னவர்கள் ஒருவர் இருவராகப் போனார்கள். பெரும்பாலும் உபகாரச் சம்பளமோ குடும்பச் செல்வமோ அவர்களைத் தாங்கியது. 2024-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அயல்நாடுகளில் பயிலும் இந்திய மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். 2023–24 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் 3,31,602 பேர் இருந்தார்கள். ஜெர்மனியில் அதே காலத்தில் 49,000-க்கு மேற்பட்டு, அங்குள்ள அந்நிய மாணவர்களில் இந்தியரே முதலிடம் பெற்றார்கள். இப்பெரும் வெள்ளத்தில் நம் வட்டாரத்துப் பிள்ளைகளும் சில துளிகள்.

இங்கிருந்து புறப்படுவதன் காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பொறியியல் பட்டம் பெற்றும் அதற்குத் தக்க ஊதியம் கிடையாத இளைஞன் வீட்டுக்கு வீடு இருக்கிறான். மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு அரசுக் கல்லூரியில் இடமும், தனியார் கல்லூரியில் பணமும் எட்டுவதில்லை. போதாக்குறைக்கு, 2018 நவம்பர் 16-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் கரையேறிய கஜா புயல் இவ்வட்டாரத்து முந்திரிக் காடுகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனபோது, நிலத்தை நம்பியிருந்த குடும்பங்களின் நம்பிக்கையும் சாய்ந்தது. மண் கைவிட்டாலும் படிப்புக் கைவிடாது என்ற எண்ணம் அன்றுமுதல் உறுதிப்பட்டதைப் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

ஒரு மஞ்சள் பை

2022-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை, என் பழைய மாணவன் ஒருவனுடைய தந்தையார் மஞ்சள் பையொன்றுடன் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். பையிலிருந்து பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, பழுப்பேறிய மூலப்பத்திரம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"வாத்தியாரய்யா, மூணு ஏக்கர் முந்திரிக்காடு. கஜாவுல பாதி மரம் போச்சு. மிச்சத்த வச்சுத்தான் பய படிக்கப் போறான். கையெழுத்துப் போடலாமா, நீங்க சொல்லுங்க" என்றார்.

எத்தனை ஆண்டில் மீளும் என்று கணக்குப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் ஏஜென்ட்டு பாத்துக்குவாரு" என்றார்.

இருவரும் உட்கார்ந்து ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் கணக்கெழுதினோம். வங்கிகள் பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்கின்றன. அயல்நாட்டுப் படிப்பாயின் மொத்தச் செலவில் 15 சதவீதத்தைக் குடும்பமே போட வேண்டும். 25 லட்சம் ரூபாய் கடன், பத்தரை சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், ஆண்டு வட்டி 2,62,500 ரூபாய். படிக்கும் ஈராண்டிலும் அதன்பின் ஓராண்டிலும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பார்கள். ஆனால் வட்டி உறங்குவதில்லை. முழுத்தொகையையும் தொடக்கத்திலேயே பெற்றதாகக் கொண்டால், முதல் தவணை கட்டும் நாளில் கடன் ஏறத்தாழ 33 லட்சமாகியிருக்கும். அவருடைய காட்டின் ஒரு பருவ மகசூல் ஓராண்டு வட்டிக்கே காணாது. இதை எழுதி முடித்ததும் அவர் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பத்திரத்தை மட்டும் முதலில் எடுத்துப் பைக்குள் வைத்தார்.

போகவேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஓராண்டு பொறுக்கச் சொன்னேன். ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்கள் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் ஓராண்டு வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே வங்கியில் முடக்கி வைத்துக் காட்ட வேண்டும். பையன் தஞ்சாவூருக்குப் பேருந்தில் போய்வந்து ஓராண்டு ஜெர்மன் மொழி கற்றான்; தன் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் சான்று பெற்றான்; 2023-இல் அவ்வாறு முடக்க வேண்டிய தொகை 11,208 யூரோ, அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம். 25 லட்சத் தேவை பத்துக்குக் குறுகியதற்குக் காரணம் ஓராண்டுப் பொறுமையும் ஒரு மொழியுமே. அவசரப்படுத்துவதே தரகர்களின் முதல் ஆயுதம். "இந்த இன்டேக் போனால் போச்சு" என்பது அவர்களுடைய மூலமந்திரம். அவர்களிலும் யோக்கியர்கள் உண்டாயினும், பல்கலைக்கழகம் தரும் தரகு யாருக்குப் போகிறது என்று கேட்டுவிட்டே ஆலோசனை கேட்க வேண்டும்.

அங்கே வாழ்தல்

அந்தப் பிள்ளையின் முதல் குளிர்காலத்தைப் பற்றி அவன் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டு வேலையெல்லாம் முடித்து இரவு எட்டரை மணிக்கு அவள் பேசுவாள்; அங்கே அப்பொழுது மாலை நான்கு மணி. டிசம்பரில் அந்நேரத்துக்கே அங்கு இருட்டிக்கொண்டு வருமாதலால், இரண்டு இடத்திலும் விளக்கேற்றி வைத்துக்கொண்டு தாயும் மகனும் பேசுவார்கள். "சாப்பிட்டியாப்பா" என்று கேட்பாள், சாப்பிட்டுவிட்டதாகச் சொல்வான். கையில் ரொட்டித் துண்டோடு அதைச் சொன்னதாக, ஊருக்கு வந்தபோது என்னிடம் ஒப்புக்கொண்டான். அங்கிருப்பவர்கள் உண்மையை மறைப்பது வஞ்சகத்தால் அன்று. நிலத்தை வைத்து அனுப்பியவர்களிடம் கஷ்டத்தைச் சொல்ல நா எழுவதில்லை. ஆனால் அந்த மௌனமே அடுத்துப் போகிறவனுக்குத் தவறான சித்திரத்தைக் காட்டிவிடுகிறது.

உணவும் குளிரும் சில மாதங்களில் பழகிவிடும். பழகுவதற்குக் கடினமானது கற்கும் முறை. வினாவுக்கு விடையை வரிபிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண் தந்து வளர்த்த நாம், ஆசிரியர் சொல்வதை மறுத்துப் பேசிக் காரணம் காட்டு என்று கேட்கும் வகுப்பறைக்கு அவர்களை அனுப்புகிறோம். பிறர் எழுத்தை ஆதாரம் சொல்லாமல் எடுத்தாள்வது அங்கே பெருங்குற்றம். ஜெர்மனியில் பல பாடத்திட்டங்களில் ஒரே தேர்வில் மூன்று முறை தவறினால் அப்படிப்பையே கைவிட வேண்டும். இதில் குறை எங்கள் ஆசிரியத் தலைமுறையினுடையது என்று மனமார ஒப்புக்கொள்கிறேன்.

பகுதிநேர வேலை செய்து எல்லாவற்றையும் ஈடுகட்டிவிடலாம் என்ற நம்பிக்கையும் அளவோடு இருக்க வேண்டியதே. பாடகாலத்தில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வாரத்துக்கு 20 மணி நேரமும், ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரமும் என்று சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. அச்சட்டங்களும் நிலையானவை அல்ல: 2024 ஜனவரியிலிருந்து கனடா, மாணவன் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்த்தியது, அதே மாதத்தில் பிரிட்டன், முதுகலை வகுப்பு மாணவர்கள் பெரும்பாலோர் குடும்பத்தாரை அழைத்துவருவதைத் தடுத்தது.

கஷ்டங்களை மட்டும் சொல்லி நிறுத்தினால் நீதியாகாது. இவ்வட்டாரத்துச் சேரியொன்றிலிருந்து சென்ற மாணவன் ஒருவன், "அங்க யாரும் எந்தத் தெருன்னு கேக்கல, சார்" என்றான். நிறம் பார்த்து முகம் திருப்பியவர்களையும் அவன் அங்கே கண்டிருக்கிறான். ஆயினும் தெருவின் பெயரைக் கொண்டு மனிதனை அளக்காத ஓரிடம் உலகில் உண்டென்று அறிந்ததே அவன் பெற்ற முதல் பட்டம்.

வைத்தியப் படிப்பு

மருத்துவக் கல்வியைத் தனியே ஆராய வேண்டியிருக்கிறது. ஏனெனில் அங்கே தவறினால் திருத்திக்கொள்ளும் வாய்ப்புக் குறைவு. 2018 முதல் அயல்நாட்டில் மருத்துவம் பயில்வோரும் நீட் தேர்வில் தகுதி பெற வேண்டும். 2021 நவம்பர் விதிகளின்படி, படிப்பு 54 மாதத்துக்குக் குறையாமல் இருத்தல், ஆங்கிலத்தில் கற்பித்தல், அதே நிறுவனத்தில் ஓராண்டுப் பயிற்சி ஆகிய யாவும் கட்டாயம். திரும்பிய பின் எழுதும் தகுதித் தேர்வில் 300-க்கு 150 பெற வேண்டும்; அண்மைக் காலத்துத் தேர்வுகள் பலவற்றில் எழுதியவர்களில் நால்வரில் ஒருவர்கூடத் தேறவில்லை. 2022 பிப்ரவரி 24-ஆம் தேதி உக்ரைனில் யுத்தம் மூண்டபோது, ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் நிலவறைகளில் ஒடுங்கிக் கிடந்து, எல்லை வரையில் நடந்து, அரசாங்க விமானங்களில் மீண்டார்கள்; தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மட்டும் ஏறத்தாழ 1,900 பேர். உயிர் பிழைத்தவர்களின் படிப்பு நெடுங்காலம் அந்தரத்தில் நின்றது. ஆறாண்டுப் படிப்புக்கு நாடு தேடுகிறவர்கள், கட்டணத்தோடு அந்நாட்டின் அமைதியையும் விசாரிக்க வேண்டும்.

திரும்புதல்

கற்றவர்கள் திரும்பாவிட்டால் நாட்டுக்கு நஷ்டமல்லவா என்ற கேள்வி பழையது. 1930-இல் கப்பலேறிய விஞ்ஞானி சந்திரசேகர், அடுத்த ஆண்டு தாயார் சென்னையில் மறைந்தபோது அருகில் இருக்க முடியவில்லை. அயல்நாட்டிலேயே வாழ்ந்து 1983-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய விஞ்ஞானம் உலகத்துக்கே சொந்தமாயிற்று. அவரைத் திரும்பவில்லை என்று குறைகூற எனக்கு மனமில்லை. உடல் திரும்புவது ஒன்று. அறிவும் உதவியும் திரும்புவது வேறொன்று. முத்துலட்சுமி அம்மையார் இரண்டும் செய்தார்; இராமாநுஜன் இறுதி நாட்களில் இரண்டாவதை எண்ணினார். இவ்விரண்டில் ஒன்றையேனும் செய்யாத கல்விக்குத்தான் நஷ்டம் என்று பெயர்.

எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்க்கையில் என் முடிவு இது: அயல்நாட்டுக் கல்வி நல்லது, அளவறியாத அயல்நாட்டுக் கல்வி ஆபத்து. பத்திரத்தில் கையெழுத்திடும் முன்பு பெற்றோர்கள் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்: அப்படிப்பு இங்கே கிடையாதா? மொத்தக் கடன் முதல் தவணை நாளில் எவ்வளவாக நிற்கும்? அந்நாட்டு மொழி பிள்ளைக்குத் தெரியுமா? வேலை கிடையாமற் போனால் வீட்டில் என்ன மிஞ்சும்? தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் அயல்நாட்டு உபகாரச் சம்பளமும், தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டமும் இருக்கின்றன. தரகரிடம் போவதற்கு முன் அவற்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சென்று மீண்ட இளைஞர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் நூலகத்தில் அமர்ந்து, கம்பளியை எப்படி விலக்கிப் படுப்பது என்பதுவரை, உள்ளதை உள்ளபடி இளையவர்களுக்குச் சொன்னால், அதைவிடச் சிறந்த ஊழியம் வேறில்லை.

மஞ்சள் பையோடு வந்தவரின் மகன் ஈராண்டுப் படிப்பை முடித்துவிட்டான். அந்த மூன்று ஏக்கரில் புதிய முந்திரிக் கன்றுகள் வைத்திருக்கிறார்கள். பட்டா இன்றும் தந்தையின் பெயரிலேயே, வில்லங்கம் ஏதுமின்றி, இருக்கிறது.